மருமவன் எடுத்த பேஸ் மாடல்

ஏலே மருமவனே, புது வண்டி எடுத்திருக்கியாமே. சந்தோசம்லே. உல்லாஸ்நகர் கேம்ப் நாலுல நம்ம சந்துக்குள்ள அதை உரசாம கொண்டாந்து நிறுத்தினியே, அதுக்கே உனக்குத் தனியா ஒரு மாலை போடணும். ஆனா "பேஸ் மாடல்தான் மாமா"ன்னு சொல்லும்போது மட்டும் குரல் ஏன் தொண்டைக்குள்ள போவுது? திருடியா கொண்டாந்தே? பேங்க்காரன் குடுத்த கடன்லதான எடுத்தே? நெஞ்சை நிமித்திச் சொல்லுலே.

பூசை போட்டு டயருக்கு அடியில நசுக்கின எலுமிச்சம்பழம் இன்னும் காயல. அதுக்குள்ள ஃபோன்ல ஒரு பட்டியலைக் காட்டுதே. ஒம்பது இஞ்ச் டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, அலாய் வீல், நாலு கதவுக்கும் பவர் விண்டோ, குரூஸ் கண்ட்ரோல். கூரையில கறுப்பு ஸ்டிக்கர், சன்ரூஃப்னு ஊரை நம்ப வைக்க. பின்னாடி டிக்கியில டாப் மாடல் எழுத்து. கடைசியா ஸ்டியரிங்குக்குப் பின்னாடி பேடில் ஷிஃப்ட். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தியா? நான் பாத்தேன். ஷோரூம்ல மிச்சம் பிடிச்ச காசு குர்லாவுல இருக்குற வண்டிச் சாமான் கடைக்குப் போய்ச் சேருது, அதுக்கு மேலயும் கொஞ்சம் கேக்குது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு உங்க ஆச்சி சும்மாவா சொன்னா?

என்ன அவசரம்னு கேட்டா, ஊர்க் கோயில் கொடைக்கு வண்டியிலயே போகணுமாம். இங்கன இருந்து திருநெல்வேலி 1,500 கிலோமீட்டருக்கு மேல. கல்யாண்ல ஏறினா நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் கொண்டு போய் விடும். ஆனா ரயிலைக் கோயில் முன்னால நிறுத்த முடியாதுல்லா? சரி, வண்டியிலயே போ. அம்மன் முன்னால நிறுத்து. அம்மனுக்குத் தெரியாதா எது பேஸ், எது டாப்னு?

மத்ததைப் பொறவு பேசுவோம். முதல்ல அந்த பேடில் சமாச்சாரம். அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கல.

உன் வண்டி அஞ்சு கியர். கையால போடணும், காலால கிளட்ச் மிதிக்கணும். கியரை மாத்துறது கம்பியும் கேபிளும். இதுல ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ரெண்டு பிளாஸ்டிக் இலையை ஒட்டினா அது யார்கிட்டலே பேசும்? ஆட்டோமேட்டிக் வண்டியில அந்த இலையைச் சொடுக்கினா, 'ஒரு கியர் ஏத்து, ஒரு கியர் இறக்கு'ன்னு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குச் சேதி போவும். உன் வண்டியில அந்தக் கம்ப்யூட்டரே கிடையாது. கடைக்காரன் விக்குறது ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் போட்ட சாமான். பல்லு போன எனக்கு நீ முறுக்கு வாங்கியாந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு. பாக்கலாம், தடவலாம்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. கேளு. உங்களுக்கெல்லாம் தெரியாது.

கியர் ஸ்டியரிங்லதான்லே இருந்துச்சு! அந்தக் காலத்துலயே! குர்லாவுல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல தொடங்கினது. அங்க இருந்து வந்த ஃபியட் 1100, பொறவு 1974-ல பேர் மாத்தி வந்த பிரீமியர் பத்மினி, பெரும்பாலும் கியர் குச்சி ஸ்டியரிங் தண்டுல இருந்துதான் நீட்டிக்கிட்டு நிக்கும். 1,089 சிசி எஞ்சின், முன்னுக்கு நாலு கியர். எதுக்கு மேல வச்சான்? முன் சீட்டு ஒரே பெஞ்சு. தரையில குச்சி நின்னா நடுவுல ஆள் உக்கார முடியாது. குச்சியை மேல தூக்கிட்டான், மூணு பேரு முன்னால உக்காந்துக்கிட்டாவ. கல்யாணத்துக்குப் போற குடும்பம் பத்மினியில ஏறுனா எண்ணிப் பாக்கவே கூடாது.

நான் குர்லா சி.எஸ்.டி. ரோட்டு கேரேஜ்ல கையைக் கறுப்பாக்கிக்கிட்டவன். அந்தக் குச்சிக்குக் கீழ லிங்கேஜ், புஷ்னு ஒரு பரம்பரையே தொங்கும். புஷ் தேஞ்சா கியர் நடு ரோட்டுல மாட்டிக்கிடும். டாக்ஸிக்காரன் பதறவே மாட்டான். எறங்குவான், பானட்டைத் தூக்குவான், கையால லிங்கேஜை ஒரு ஆட்டு ஆட்டுவான். பின்னால நிக்குற பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டே கெடக்கும். அவன் கையை வேட்டியிலயோ காக்கியிலயோ தொடைச்சுட்டு ஏறிப் போயிடுவான்.

அப்பத்தான் உன்னை மாதிரி எளவட்டப் பயலுவ வந்தாவ. "உஸ்தாத், கியரைக் கீழ கொண்டாங்க. தரையில வைங்க. ஸ்போர்ட்ஸ் வண்டியா இருக்கணும்"னு. ஃப்ளோர் ஷிஃப்ட்னு அதுக்குப் பேரு. தரையை வெட்டி, குச்சியை நட்டு, பெஞ்சைக் கழட்டிப் போட்டு பக்கெட் சீட்டு மாட்டுவாவ. சினிமா எடுக்குறவன், மில்லு சேட்டோட மவன், எல்லாவனும் வரிசையில நிப்பான். நல்ல காசு. சும்மா சொல்லக் கூடாது, உங்க அத்தைக்கு மூக்குத்தி அதுலதான் வந்துச்சு.

ஆக அன்னைக்கு காசு குடுத்து மேல இருந்த கியரைக் கீழ இறக்கினான். இன்னைக்கு நீ காசு குடுத்துக் கீழ இருக்குற கியரை மேல ஏத்தச் சொல்லுத. இன்னும் கொஞ்ச வருசத்துல உன் மவன் வந்து மறுபடியும் கீழ இறக்கச் சொல்லுவான். கேரேஜ்காரன் வீட்டுல அடுப்பு அணையாது.

பேடில் கண்டுபிடிச்சவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குக் காரணம் இருந்துச்சு. 1989-ல ஃபெராரிக்காரன் ஃபார்முலா ஒன் பந்தய வண்டியில அதை வச்சான். ஜான் பர்னார்ட்னு ஒரு இங்கிலீஷ்காரன் மூளை. அந்த வேகத்துல வளையும்போது ஸ்டியரிங்ல இருந்து ஒத்தைக் கையை எடுக்கக் கூடாதுல்லா, அதுக்கு. மொதப் பந்தயம் பிரேசில்ல. நைஜல் மான்செல்தான் ஓட்டினான். வண்டி பாதியில நின்னுடும்னு அவனே நம்பி, ஊருக்குப் போற பிளேனுக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்டு வச்சிருந்தான்னு சொல்லுவாவ. கடைசியில ஜெயிச்சுட்டான். நல்லது. நீ அந்த வேகத்துல எங்கலே போகப் போறே? ஷஹாட்டுக்கும் விட்டல்வாடிக்கும் நடுவுலயா? கல்யாண்–அம்பர்நாத் ரோட்டுல ஷேர் ரிக்‌ஷாக்காரன் உன்னை ரெண்டாவது கியரைத் தாண்ட விடுவானா?

"அப்ப ஏ.எம்.டி. பண்ணிடலாமா மாமா"ங்க. அடேங்கப்பா. ஏ.எம்.டி.ன்னா என்னன்னு தெரியுமா? 2014-ல மாருதி செலேரியோவுல வந்துச்சு, நம்ம நாட்டுல சின்ன வண்டிக்கு அதுதான் தொடக்கம். உள்ள இருக்குறது உன் வண்டியில இருக்குற அதே கியர்பாக்ஸ், அதே பல்சக்கரம், அதே கிளட்ச். மிதிக்குற காலுக்கும் தள்ளுற கைக்கும் பதிலா ஹைட்ராலிக் கருவி ஒண்ணு, அதுக்கு உத்தரவு போட கம்ப்யூட்டர் ஒண்ணு. எப்ப மாத்தணும்னு அது எஞ்சின்கூட ஓயாமப் பேசிக்கிட்டே இருக்கணும். கம்பெனியில பொறந்தப்பவே அந்தப் பேச்சு வார்த்தை நடந்திருக்கணும்லே. சந்துல மாட்டின பொறவு பழக்கி விட முடியாது. கிளட்சை மட்டும் தானா மிதிக்குற கிட்டு தனியா இருக்கு, அது பொய்யில்ல. கால் முடியாதவ்வோ முறையா ஆர்.சி.யில ஏத்தி ஓட்டுதாவ, அவ்வோளுக்கு அது பெரிய வரம். உனக்கு என்ன கேடு? ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு? கொடையில விடிய விடிய ஆடுத?

இன்னொரு டப்பா வச்சிருக்கான் கடைக்காரன். ஆக்ஸிலேட்டர் பெடலுக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் நடுவுல சொருவுறது. ஒரு பட்டன், பச்சை லைட்டு, சிவப்பு லைட்டு. சிவப்பைப் போட்டா 'ஸ்போர்ட்ஸ் மோடு'. வண்டி பிச்சுக்கிட்டுப் போவுதுன்னு பயலுவ துள்ளுதான். அது பண்ணுறது ஒண்ணே ஒண்ணுதான். நீ பெடலைக் கால்வாசி மிதிச்சா, 'இவன் பாதி மிதிச்சுட்டான்'னு கம்ப்யூட்டர்கிட்ட கோள் சொல்லும். நீயே நல்லா மிதிச்சாலும் அதே வேகம்தான் வரும். ஒரு குதிரை சக்தி கூடாது. பொய் சொல்லுறதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வைக்கணுமா? நம்ம தெருவுல இலவசமாவே சொல்லுவாவளே.

குரூஸ் கண்ட்ரோலைப் பத்தி அடிக்க மாட்டேன். சில வண்டியில கம்பெனிக்காரனே மூளைக்குள்ள வச்சிருப்பான், பேஸ் மாடல்ல சுவிட்சை மட்டும் வெட்டிருப்பான். சுவிட்சு வாங்கி மாட்டினா வேலை செய்யும். கஞ்சத்தனம் அவன்கிட்ட, உன்கிட்ட இல்ல. புனே எக்ஸ்பிரஸ்வேயில கொஞ்ச நேரம் கால் நீட்டலாம். உன் வண்டி அந்த ரகமான்னு விசாரிச்சுட்டுப் போடு. ஸ்டியரிங்கைக் கழட்டணும்னு சொன்னா மட்டும் கம்பெனி ஆளைத் தவிர யாரையும் தொட விடாதே. அதுக்குள்ள ஏர்பேக் இருக்கு. கழட்டத் தெரியாதவன் கைவச்சா மூஞ்சிக்கு நேரா வெடிக்கும், இல்ல வெடிக்க வேண்டிய நேரத்துல தூங்கும்.

ஏர்பேக்னு சொன்னதும் ஞாபகம் வருது. உன் அழுமூஞ்சி பேஸ் மாடல்ல என்னென்ன இருக்குன்னு எண்ணிப் பாத்தியா? 2019 ஏப்ரல்ல இருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த வருசம் ஜூலையில இருந்து டிரைவர் ஏர்பேக், பின்னாடி பார்க்கிங் சென்சார், 80 தாண்டினா கத்துற மணி, பெல்ட் போடலைன்னா கத்துற மணி. பொறவு பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக். இதெல்லாம் அரசாங்கம் மிரட்டி வாங்கிக் குடுத்தது. எங்க காலத்துல சேட்டு ஓட்டின வண்டியில இதுல ஒண்ணு உண்டா? பத்மினியில கத்துறதுக்குன்னு இருந்தது சைலன்சர் மட்டும்தான். சில வண்டியில சீட்டு ஓரத்துலயும் ஏர்பேக் இருக்கும். அதுக்கு மேல ரெக்சின் கவரை இறுக்கித் தச்சுட்டா பை எப்படிலே வெளிய வரும்? கவர் போடுறதா இருந்தா அந்தப் பக்கம் திறந்து விட்டிருக்கான்னு பாரு.

இப்ப குர்லா கடைக்கு வா. போன வாரம் எதுத்த வீட்டுப் பய வண்டிக்குத் துணைக்குப் போய் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். பவர் விண்டோ மாட்டுற வேலை. மீசை முளைக்காத பையன் ஒருத்தன். கதவு கைப்பிடிக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் பட்டையைச் சொருவி நெம்புதான். டக், டக்னு சத்தம். ஒவ்வொரு டக்கும் ஒரு கிளிப்பு. பாதி கிளிப்பு முழுசா வந்துச்சு, மீதி தலை இல்லாம வந்துச்சு. தலை போனதை வாயில போட்டு மென்னான்னு நினைக்கேன், பொறவு கண்ணுலயே படல. உள்ள தண்ணி புகாம இருக்க ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை உரிச்சான், திரும்ப ஒட்டும்போது பாதி மடிஞ்சு கெடக்கு. கரெண்ட் வேணுமே? கம்பெனி வயரைப் பல்லால கடிச்சுத் தோலை உரிச்சு, புது வயரைச் சுத்தி, கறுப்பு டேப்பை ரெண்டு சுத்து. "கப்ளர் இல்லியா தம்பி"ன்னு கேட்டேன். "கப்ளருக்கு எக்ஸ்ட்ரா ஆவும் சாச்சா"ங்கான். நம்ம ஊரு மழையில அந்த டேப்பு எத்தனை நாளைக்குலே தாங்கும்? உரிச்ச வயரைக் கண்டா கம்பெனி சர்வீஸ்காரன் வாரண்டி புஸ்தகத்தை மூடி வச்சுட்டுக் கும்பிடு போடுவான். இப்ப அந்தப் பய வண்டி குழியில விழுந்து எழும்பும்போதெல்லாம் நாலு கதவும் கிலுகிலுன்னு சேர்ந்து பாடுது. சங்கீதத்துக்குத் தனியா ஸ்பீக்கர் எதுக்குன்னு கேட்டேன், மொறைக்கான்.

கண்ணாடியைக் கையால சுத்துறது கேவலம்னு நினைக்க. 2005 ஜூலை 26 உனக்கு ஞாபகம் இருக்காது, தொட்டில்ல கெடந்திருப்பே. சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. இங்கன உல்லாஸ் நதி கரையைத் தாண்டி வந்துட்டு. பம்பாய் ரோட்டுல வண்டிக்குள்ள உக்காந்தபடியே செத்தாவ சில பேரு. வெளிய தண்ணி அழுத்துது, கதவு திறக்கல. கரெண்ட்டு போயி பூட்டு மாட்டிக்கிட்டு, பவர் விண்டோ எறங்கல. அதுக்குப் பொறவுதான் இந்த ஊர்க்காரன் வண்டியில சுத்தியல் வைக்கப் பழகினான். பவர் விண்டோ போடாதேன்னு சொல்லல. போட்டா சுத்தியலும் வை. முன் கண்ணாடியை அடிக்காதே, அது நடுவுல பிலிம் வச்சு ஒட்டினது, விரியும், உடையாது. பக்கத்துக் கண்ணாடியில மூலையைப் பாத்து அடி. சுத்தியல் டிக்கியில இருந்தா பிரயோசனம் இல்ல, கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். டாஷ்போர்டுல ஒம்பது இஞ்ச் திரைக்கு இடம் இருக்கு, ஒரு சுத்தியலுக்கு இடம் இல்லியா?

அலாய் வீல் போடுறேன்னா கம்பெனி சொன்ன அளவுலயே போடு. ரெண்டு இஞ்ச் பெரிசாக்கி, டயர் சுத்தளவும் கூடிட்டுன்னா ஸ்பீடோமீட்டர் கம்மியாக் காட்டும். நீ அறுபதுன்னு நினைச்சுப் போவே, கேமரா அதைவிடக் கூடுதலா எழுதி வச்சிருக்கும். டயர் பக்கவாட்டு உசரம் கம்மியான ரகமா வாங்கினே, நம்ம ரோட்டுக் குழி ஒவ்வொண்ணும் உன் இடுப்பு எலும்பை எண்ணும்.

சட்டமும் ஒண்ணு இருக்கு. தெரிஞ்சு வச்சுக்கோ. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு. கம்பெனி சொன்ன அமைப்பை, ஆர்.சி.யில இருக்குற விவரத்தை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அழுத்திச் சொல்லிட்டு. அதே வருசம் சட்டத்தைத் திருத்தி, மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா, இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும்னு வச்சுட்டாவ. திரை, கேமராவுக்கெல்லாம் எவனும் பிடிக்க மாட்டான். கூரையை வெட்டி நெசமாவே சன்ரூஃப் வைக்கேன், எஞ்சினை மாத்துதேன்னு எறங்கினா கல்யாண் ஆர்.டி.ஓ. வாசல்ல உனக்குப் பாய் போட்டுருவாவ. முன்னாடி இரும்புக் கம்பி பம்பர் போடுறதும் 2017 டிசம்பர்ல இருந்து ஆவாது. அது இடியைச் சேசிஸுக்குத் தள்ளி விட்டுடும், ஏர்பேக் சென்சார் ஏமாந்து போவும். ரோட்டுல நடந்து போறவனுக்கு அதைவிட மோசம்.

"எதுக்குமே ஆவாதுன்னா நான் என்னத்தைத்தான் மாமா போடுறது?"ன்னு கேக்க. கேமரா போடு, இந்தச் சந்துல பிள்ளைய பின்னாடி நின்னு விளையாடுதாவ, சென்சார் கத்துறதைவிடக் கண்ணால பாக்குறது நல்லது. கப்ளர் வச்சு மாட்டச் சொல்லு, எக்ஸ்ட்ரா காசைக் குடு. ஹெட்லைட்டுக்கு நூறு வாட்ஸ் பல்பு கேக்காதே, கம்பெனி வயரு 60/55-க்குத்தான் போட்டது, உருகும். நல்ல டயர், நல்ல வைப்பர் பிளேடு, ஸ்டெப்னியில காத்து. போட்ட சாமானை இன்சூரன்ஸ்காரன்கிட்ட எழுதிக் குடு. எழுதாத சாமான் திருடு போனா அவனும் உன்கூட உக்காந்து துக்கம் கேப்பான், காசு வராது.

டாப் மாடல் எழுத்தை ஒட்டணும்னா தாராளமா ஒட்டிக்கோ. ஊரு பேரைக் காப்பாத்துலே! 1949-ல ராஜாஜி வந்து அடிக்கல் நாட்டின ஊரு இது. பிரிவினையில எல்லாத்தையும் விட்டுட்டு வந்த சிந்திக்காரவ்வோ, பட்டாளத்துக் கொட்டகையில குடியேறி, ஆணியில இருந்து ஜீன்ஸ் வரைக்கும் செஞ்சு வித்து மேல வந்தாவ. அப்பவே சாமான்ல 'மேட் இன் யு.எஸ்.ஏ.'ன்னு அடிச்சு விட்டாவளாம். கேட்டா, உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்னு சொல்லுவாவளாம். அவ்வோ அச்சைக் காட்டி அடுத்தவன்கிட்ட காசு வாங்கினாவ. நீ அச்சை ஒட்டி உன் காசையே குடுக்கியே, அதான் எனக்குப் புரியல.

நாளைக்கு விக்கப் போவே. வாங்க வாரவன் பின்னாடி எழுத்தைத் தடவிப் பாப்பான், கறுப்புக் கூரையைத் தட்டிப் பாப்பான், பேடிலை ரெண்டு சொடுக்கு சொடுக்கிச் சிரிப்பான். பொறவு ஆர்.சி.யைக் கேட்டு வாங்கி மாடல் பேரைப் படிப்பான். அலாய்க்கு எம்புட்டு சேத்துத் தருவேன்னு கேட்டுப் பாரு. கம்பெனி டிஸ்க்கு நாலும் எங்கலேம்பான். அதைத்தான் நீ போன தீவாளிக்கே பழைய இரும்புக்குப் போட்டிருப்பே.